பெயரறியாத கல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசுவோரும் இசை பேசுவோரும் வந்து நம்மை மகிழ்வித்துச் செல்கின்றனர். இவ்வாண்டு கல்லைப்பற்றிப் பேச ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். செம்பைத் தூய்மை செய்யும் ஆலையொன்றின் ஆய்வுக்கூடத்தில், 35 ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லையும் மண்ணையும் பொடித்தும் கரைத்தும் காலங்கழித்தவன் நான். நம் செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, "கல்லைப்பற்றிப் பேசுங்கள், ஆனால் கல்லைப்போல் பேசாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டார். இயன்றவரை முயல்கிறேன்.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் குடியிருப்புச் சிறுவர் சிலர் சென்ற கோடை முதல் கல் சேர்க்கத் தொடங்கியிருக்கின்றனர். காலணிப் பெட்டியில் பஞ்சு பரப்பி, அதில் கற்களை வரிசையாக அடுக்கி, ஒருநாள் மாலை என்னிடம் கொணர்ந்து காட்டினர். நல்ல வேட்கை, நான் மனமாரப் பாராட்டினேன். அப்போது அவர்களுள் இளையவன் ஒரு கருங்கல்லை எடுத்து நாவால் தொட்டுப் பார்த்தான். "ஏனப்பா?" என்றேன். "உப்பா என்று பார்த்தேன், தாத்தா" என்றான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என்னிடமுள்ள கல்லொன்றின் கதையை அச்சிறுவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் சொல்லிவிட வேண்டுமென்று துணிந்தேன்.

அந்தக் கல் இதோ மேடையருகே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பாக்களவுதான். வெள்ளீயம்போல் வெளுத்து, ஒரு பக்கம் ஊசி ஊசியாய், மறுபக்கம் கண்ணாடித் துண்டுபோல் மின்னும். அதன் பெயர் டெல்லூரியம். இரும்பும் செம்பும்போல் இதுவும் ஒரு தனிமம். முழு உலோகமும் ஆகாது, உலோகம் அல்லாததும் ஆகாது, இரண்டுக்கும் இடைப்பட்டது. நிலத்தின் மேலோட்டில் இது தங்கத்தினும் அரிது. ஆயிரம் டன் பாறையை அரைத்தால் ஏறத்தாழ ஒரு கிராம் கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. அந்த அரிய பொருளும் பெரும்பாலும் தங்கத்தோடும் வெள்ளியோடும் ஈயத்தோடும் கூடியே கிடக்கும். இப்படித் தனித்துக் கிடைப்பது மிக மிக அருமை.

இதை முதலில் இனங்கண்டவர் கதையை அறிந்தோர் சிலரே. இன்று ருமேனியா நாட்டில் அடங்கியுள்ள டிரான்சில்வேனியா, அந்நாளில் ஆஸ்திரிய ஆட்சியின் கீழிருந்தது. ஆங்குள்ள சுரங்கங்களுக்கெல்லாம் தலைமை அலுவலராக இருந்தவர் பிரான்சு யோசெப்பு முல்லர் என்பவர். ஸ்லாட்னா என்னும் ஊருக்கு அருகிலுள்ள ஒரு மலைச் சுரங்கத்திலிருந்து வந்த தங்கத் தாதுவில் வெண்மையான ஒரு பொருள் கலந்திருந்தது. அதைச் சிலர் ஆன்டிமனி என்றனர். முல்லர் தாமே முதலில் பிஸ்மத்துச் சேர்மம் என்று எழுதினார். 1782இல் தொடங்கிய ஆராய்ச்சியில், பின்னர் அவரே தம் கூற்றை மறுத்து, 'இது பிஸ்மத்தும் அன்று' என்று வெளியிட்டார். அடுத்தடுத்துப் பல சோதனைகள் செய்தார். சூடேற்றினால் முள்ளங்கி மணம் வருவதையும், கந்தக அமிலத்தில் இட்டால் செந்நிறம் தோன்றுவதையும், அதில் நீர் ஊற்றினால் அந்நிறம் மறைந்து கரும்பொடி படிவதையும் குறித்து வைத்தார். இன்னதென்று துணிய இயலவில்லை. ஆகவே அதற்கு அவர் இட்ட பெயர் 'புதிர் உலோகம்' என்னும் பொருள்படும் இலத்தீன் பெயர்.

பெரிய பதவியில் இருப்பவர் தம் துறைப் பொருளொன்றைக் காட்டி 'இது எனக்கு விளங்கவில்லை' என்று அச்சில் எழுதுவது எளிதா? சுவீடன் நாட்டுப் பேரறிஞர் பெர்க்மன் அவர்களுக்கு அதில் சிறு துண்டை அனுப்பினார். ஆன்டிமனி அன்று என்ற அளவில் அவரும் ஒப்பினார். 1784இல் அவர் காலமாகிவிடவே ஆராய்ச்சி அங்கேயே நின்றது. 1789இல் அங்கேரி நாட்டுக் கித்தைபெல் என்பவரும் வேறொரு தாதுவில் இதே பொருளைத் தாமாகவே கண்டார். இறுதியில், 1798 சனவரியில், பெர்லின் நகரில் கிளாப்ரோத்து என்னும் வேதியியலார் முல்லர் அனுப்பிய தாதுவைப் பிரித்தாய்ந்து, இது புதுத் தனிமமே என்று நிறுவினார். யுரேனியத்தைக் கண்டவரும் இவரே. அதற்கு வானத்துக் கோளின் பெயரைச் சூட்டினார். இதற்கு நிலமகளின் இலத்தீன் பெயரான 'டெல்லஸ்' என்பதிலிருந்து பெயர் அமைத்தார். கண்டுபிடித்த பெருமை முல்லருக்கே உரியதென்றும் அவையில் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் யார் கேட்டிருப்பர்?

சரி, இக்கல்லை இனங்காண்பது எவ்வாறு? இளைஞர்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டிய பகுதி இதுவே.

கண் ஏமாற்றும். வெள்ளீய நிறமும் பளபளப்பும் உடைய கற்கள் பல. ஈயத் தாது இருக்கிறது, அஞ்சனக்கல் இருக்கிறது, தனி ஆன்டிமனி, தனிப் பாடாணம், தனிப் பிஸ்மத்து எல்லாம் இருக்கின்றன. ஆகையால் பளபளப்பைப் பார்த்தவுடன் பெயர் சூட்டலாகாது. முதலில் உடைந்த முகத்தைப் பாருங்கள். ஈயத் தாது சிறு சிறு கனசதுரங்களாகவே உடையும். டெல்லூரியமோ நீளவாக்கில் மூன்று திசைகளில் வழவழவென்று பிளக்கும். அறுகோணப் பட்டைத் தூண்போல் நிற்கும். அஞ்சனக்கல்லும் நீளநீளமாய்த் தகடுபோல் வளரும் என்றாலும் அதன் நிறம் ஈயச் சாம்பல். சில வேளை வளைந்தும் இருக்கும். டெல்லூரியம் வளையாது, நொறுங்கும். பிஸ்மத்தில் இலேசான செம்மை படர்ந்திருக்கும். பாடாணம் காற்றுப் பட்ட சில நாட்களிலே கறுத்துவிடும்.

அடுத்தது கடினம். டெல்லூரியம் மிக மென்மையானது. செப்புக் காசால் எளிதில் கீறலாம். மெருகிடாத பீங்கான் ஓட்டில் உரைத்தால் சாம்பல் நிறக் கோடு விழும். ஆனால் உரைக்க உரைக்கக் கல் தேய்கிறது, பொடி பறக்கிறது என்பதை மறவாதீர்கள். அரிய கல்லை ஒருமுறை உரைத்தால் போதும்.

மூன்றாவது எடை. எனக்கு எல்லாவற்றினும் பிடித்த சோதனை இது. கல்லை நூலில் கட்டித் தராசில் தொங்கவிட்டு ஒருமுறை காற்றிலும், பிறகு நீரில் மூழ்கியிருக்க ஒருமுறையும் நிறுக்க வேண்டும். காற்றில் 62 கிராம் நின்ற கல் நீரில் 52 கிராம் நின்றால் குறைந்தது 10 கிராம். 62ஐ 10ஆல் வகுத்தால் 6.2. இதுவே ஒப்படர்த்தி, நீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது. டெல்லூரியத்துக்கு இது 6.1 முதல் 6.3 வரை. அஞ்சனக்கல் 4.6, ஈயத் தாது 7.5, பிஸ்மத்து 9.7க்கு மேல். பாடாணம் 5.7, ஆன்டிமனி 6.7 என்பன மட்டுமே அருகே வருவன. அவ்விரண்டும் இதைவிடக் கடினமானவை. தீயும் வேண்டா, அமிலமும் வேண்டா. கல்லுக்கும் சேதமில்லை, நமக்கும் சேதமில்லை. பள்ளிப் பிள்ளை வீட்டில் செய்யத்தக்கது இந்த அளவே. கந்தக அமிலச் சோதனையும் ஊதுகுழல் சோதனையும் காற்றுப்போக்கியுள்ள ஆய்வுக்கூடத்தில், அறிந்தவர் கையால் மட்டுமே நடக்க வேண்டும்.

இதனை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எனக்குத் தகுதி வந்தது, நானே அதை மீறியதால்.

1978ஆம் ஆண்டு, புரட்டாசித் திங்கள். நான் ஆய்வுக்கூடத்தில் இளநிலை உதவியாளன். மேசையறையொன்றைத் துப்புரவு செய்தபோது பழைய செய்தித்தாளில் பொதிந்த கல்லொன்று அகப்பட்டது. சீட்டு இல்லை, பெயர் இல்லை, எண்ணும் இல்லை. முன்பிருந்த அதிகாரி எவரோ வெளிநாட்டிலிருந்து கொணர்ந்ததென்று மூத்தோர் சொன்னார்கள். எந்த நாடென்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். மேலதிகாரியிடம் காட்டி முறைப்படி ஆராய்ந்திருக்கலாம். இளமை பொறுக்கவில்லை. எல்லாரும் சென்ற பிறகு, காற்றுப்போக்கிக் கூண்டைத் திறக்கவும் சோம்பி, ஒரு சிறு துணுக்கைக் கரியில் வைத்து ஊதுகுழலால் சுட்டேன். பச்சை கலந்த நீலச் சுடர் எழுந்தது; கரிமேல் வெண்படலம் படர்ந்தது. இன்னொரு துணுக்கைச் சூடான கந்தக அமிலத்தில் இட்டேன். ஐயா, அந்தச் செந்நிறத்தை நான் எவ்வாறு சொல்வேன்! மாதுளை முத்துப்போல் சோதனைக் குழாய் முழுதும் பரவிற்று. முல்லர் கண்ட அதே நிறம். குனிந்து குனிந்து பார்த்தேன், புகையையும் இழுத்துக்கொண்டேன்.

வெற்றிக் களிப்பில் கல்லைச் சட்டைப்பையில் இட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

எங்கள் வீட்டில் புரட்டாசித் திங்கள் முழுதும் பூண்டு சேர்ப்பதில்லை. மறுநாட் காலை என் இல்லாள் காப்பி கொண்டு வந்தவள் இரண்டடி பின்வாங்கி, "எங்கே போய்ப் பூண்டு தின்றுவிட்டு வந்தீர்கள்?" என்றாள். நான் தின்னவில்லை என்றேன். என் மாமியார் அப்போது எங்களோடு இருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பூசையறைக் கதவை மட்டும் சாத்தினார். பல் துலக்கினேன், வெற்றிலை போட்டேன், ஏலக்காய் மென்றேன். நாற்றம் போகவில்லை. வியர்வையிலும் அதே நாற்றம். உடம்புக்குள் சென்ற டெல்லூரியத்தை உடல் ஆவியாகும் சேர்மமாக மாற்றி மூச்சிலும் வியர்வையிலும் வெளியேற்றுகிறது. அதுவே பூண்டு மணம். நுகர்ந்தது கடுகளவேனும் நாற்றம் வாரக் கணக்கில் நிற்கும். காலனியில் சீட்டாட்டத்துக்கு என்னை அழைப்பதையே நிறுத்திவிட்டனர். நகைப்புக்குரிய செய்திதான்; நீங்களும் நகைக்கிறீர்கள்.

ஆனால் மூன்றாம் நாள் மாலை நடந்தது நகைப்புக்குரியதன்று. சட்டைப்பையில் கல்லைத் தேடினேன், காணவில்லை. துவைக்கப் போடும்போது இல்லாள் அதை எடுத்துச் சன்னல் திண்டில் வைத்திருக்கிறாள். கொல்லைப்புறம் வந்து பார்த்தால், நான்கு வயதான என் மகள் மரச் சொப்பில் மணலும் நீரும் இட்டு, அந்தக் கல்லையும் போட்டுச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். "அப்பா, உனக்கும் ஊட்டட்டுமா?" என்று கையை நீட்டினாள். விரலெல்லாம் சாம்பல் நிறம்.

கையைக் கழுவி, வாயைக் கழுவி, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். இது இன்ன பொருள் என்று சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது, அதுவரை நல்லது. எவ்வளவு உட்கொண்டாள் என்று கேட்டார்; அதற்கு விடையில்லை. அன்றிரவு அவள் உறங்கும்போது அவள் மூச்சருகே முகத்தை வைத்துப் படுத்திருந்தேன். என் மூச்சிலேயே நாற்றமிருக்க, அவள் மூச்சை எவ்வாறு அறிவது? இல்லாளைத்தான் மணிக்கொருமுறை எழுப்பிப் பார்க்கச் சொன்னேன். அப்போதுதான் அவளுக்கு முழுவதையும் சொன்னேன். அவள் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை; விளக்கைத் தூண்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் போயிற்று, இரண்டாம் நாள் போயிற்று, மூன்றாம் நாளும் குழந்தையின் மூச்சில் பால் மணமே இருந்தது. மருத்துவரும் அச்சமில்லை என்றார்.

தனி டெல்லூரியம் நீரில் கரையாதது. தொட்டவுடன் கொல்லும் நஞ்சு அன்று. ஆயினும் அதன் பொடியும் புகையும் தீங்கு செய்யும். கரையும் உப்புகளோ கொடியவை. 1946இல் ஆங்கில மருத்துவ இதழொன்றில் வெளிவந்த செய்தி இது: சிறுநீர்ப் பாதையைக் கதிர்ப்படம் எடுக்கும்போது, செலுத்த வேண்டிய மருந்துக்குப் பதிலாகச் சோடியம் டெல்லூரைட்டுக் கரைசலைத் தவறுதலாக மூவருக்குச் செலுத்திவிட்டனர், இருவர் சில மணி நேரத்திலேயே இறந்தனர். நம் சித்தர்கள் பாடாணங்களை அறுபத்துநான்கு என்று எண்ணிப் பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் சுத்தி முறை சொல்லி வைத்தார்கள். இலிங்கமும் தாளகமும் மனோசிலையும் வெள்ளைப் பாடாணமும் அவர்கள் கையில் மருந்தாயின என்றால், பெயரும் அளவும் தெரியாமல் அவற்றைத் தொட்டதில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஆகவே கல் சேர்க்கும் தம்பிகளே! கல்லை நாவில் வைக்காதீர். உலோகம்போல் மின்னும் கல்லை அடுப்பில் இடாதீர், இடிக்காதீர். கையாண்டபின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். சமையலறையிலும் படுக்கையருகிலும் கற்பெட்டி இருக்கலாகாது. மூடியுள்ள சிறு பெட்டியில் ஒவ்வொன்றையும் தனித்தனியே வையுங்கள். ஒன்றோடொன்று உரசினால் மென்மையான கல் பொடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த அன்றே சீட்டு எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பெயரை விட்டுவிடலாம். பின்னால் அறிந்தவர் எழுதுவர். எடுத்த இடத்தை விட்டுவிட்டால் பின்னர் எவராலும் எழுத முடியாது. பிறர் நிலத்திலும் சுரங்கத்திலும் கேளாமல் எடுப்பது திருட்டு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் தெரியாமையால் வந்த இழப்புக்கு ஒரு கதை சொல்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் கால்கூர்லி என்னும் இடத்தில் 1893இல் அன்னன் என்பவரும் அவர் கூட்டாளிகள் இருவரும் தங்கம் கண்டனர். நம் கோலாரில் தங்கம் பெரும்பாலும் தங்கமாகவே வெண்படிகக் கல்லில் ஓடிற்று. எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதை வெட்டியெடுத்தன. 2001இல் சுரங்கம் மூடப்படும் வரை அக்கல்லே அவர்களுக்குச் சோறு. கால்கூர்லியிலோ ஒரு பகுதித் தங்கம் டெல்லூரியத்தோடு கூடி, வெளிறிய பித்தளை நிறக் கல்லாய்க் கிடந்தது. காலவரைட்டு என்பது அதன் பெயர். எடையில் நூற்றுக்கு 44 பங்கு அளவுக்குத் தங்கம். சுரங்கத்தார் அதை இரும்புக் கந்தகக் கல், அதாவது 'முட்டாள் தங்கம்', என்றெண்ணி ஒதுக்கினர். ஒதுக்கிய கல்லைக் கொண்டு தெருப் பள்ளங்களை நிரப்பினர், சுவரும் எழுப்பினர். 1896இல் அது இன்னதென்று தெரிய வந்தது. பிறகென்ன? போட்ட தெருவையே பெயர்த்தெடுத்தனர்! அவர்கள் கையில் ஒரு கத்தியும் ஒரு தராசும் இருந்திருந்தால் போதும். முட்டாள் தங்கம் கத்திக்கு இடங்கொடாது. காலவரைட்டைக் கத்தி எளிதில் கீறும். முன்னது நீரைப்போல் ஐந்து மடங்கு கனம். பின்னது ஒன்பது மடங்குக்கு மேல்.

டிரான்சில்வேனியாவில் கிடைக்கும் தங்க, வெள்ளி, டெல்லூரியச் சேர்மமான சில்வனைட்டு என்பதும் பார்க்கத்தக்கது. அதன் படிகங்கள் கோணல் மாணலாய்க் கூடி, பாறைமேல் யாரோ எழுதி வைத்த புரியாத எழுத்துப்போல் தோன்றும். பழைய நாளில் அதற்கு எழுத்துத் தாது என்றே பெயர். தனி டெல்லூரியப் படிகங்களுக்கு ஃபிஜித் தீவில் வட்டுக்கோலாவிலுள்ள தங்கச் சுரங்கமும் பெயர்பெற்றது. கரும்புத் தோட்டத்துக்கு நம்மவர் கப்பலேறிய அதே தீவுதான்.

அவ்வளவு தொலைவு போக வேண்டாதபடி நான் அதை அன்றாடம் கண்டது எங்கள் ஆலையின் சேற்றில். செம்பை மின்சாரத்தால் தூய்மை செய்யும்போது தொட்டியின் அடியில் கருஞ்சேறு படியும். அதில் தங்கமும் வெள்ளியும் செலினியமும் டெல்லூரியமும் இருக்கும். உலகத்தின் டெல்லூரியத்தில் பெரும்பகுதி இத்தகைய சேற்றிலிருந்தே வருகிறது. அதற்கென்றே தோண்டும் சுரங்கங்கள் மிகச் சிலவே. முன்பு எஃகிலும் இரப்பரிலும் சிறிது சேர்ப்பார்கள். இப்போது காட்மியத்தோடு சேர்த்துக் கண்ணாடிமேல் மெல்லிய படலமாய்ப் பூசி, வெயிலை மின்சாரமாக்குகின்றனர். அத்தகைய பலகை செய்யும் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை 2024 சனவரியில் சென்னைக்கு அருகே திறக்கப்பட்டது. ஊருக்குப் போகும் பிள்ளைகள் திருப்பெரும்புதூர்ப் பக்கம் செல்ல நேர்ந்தால் இதை நினைத்துக்கொள்ளலாம்.

என் கல்லின் கதைக்கு வருகிறேன். மறுவாரம் நடந்ததையெல்லாம் மேலதிகாரியிடம் சொல்லிக் கல்லை ஒப்படைத்தேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இனி மூக்கால் படிக்காதே, தராசால் படி" என்றார். நான் ஓய்வு பெற்ற அன்று ஆய்வுக்கூடத்தார் அதையே எனக்கு நினைவுப் பொருளாகக் கொடுத்தனர். அவர் சொன்னபடியே நிறுத்துப் பார்த்ததில் ஒப்படர்த்தி 6.2 வந்தது. எந்த மலையில் பிறந்ததென்று அறியப் பல ஆண்டுகள் முயன்றேன். பெட்டிக்குள் உள்ள சீட்டில் 'டெல்லூரியம். இடம்: தெரியவில்லை' என்றுதான் எழுதியிருக்கிறது. எழுத்து என் மகளுடையது. என் கையெழுத்து எவருக்கும் விளங்காதென்று அவளே எழுதிக் கொடுத்தாள்.

விருந்துக்கு மணியடிக்கும் முன் வந்து பார்க்க விரும்புவோர் வரிசையாய் வரலாம். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியும் அருகே வைத்திருக்கிறேன். பெட்டியைத் திறக்க வேண்டா.